‘கேட்டுட்டுக் கொடுங்க’: பிரேடர்-வில்லி பற்றி நம் ஆட்களிடம் எடுத்துச் சொல்வது எப்படி

பிரேடர்-வில்லி குறைபாடு என்றால் இங்கே சிங்கப்பூரில் நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு என்னவென்றே தெரியாது (எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காத பிறவிக் குறைபாடு அது). தெரியாததில் தப்பும் இல்லை, 10,000 முதல் 30,000 பேரில் ஒருவருக்குத்தான் அது இருக்கும் என்கிறார்கள். ஆனால் அந்த ஒருவர் உங்கள் அடுக்குமாடி புளோக்கில் மூன்றாவது மாடியிலோ உங்கள் மச்சான் வீட்டிலோ இருந்துவிட்டால், லிஃப்ட் வாசலில் நீங்கள் ஆசையாக நீட்டுகிற ஒரு முறுக்கு அந்த வீட்டின் ராத்திரித் தூக்கத்தையே கெடுத்துவிடும். என் தம்பி மகனுக்கு இது இருக்கிறது. அவன் கதையை இங்கே எழுதப் போவதில்லை (அவனும் வளர்கிறான், அத்தை ஊரெல்லாம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்று நாளைக்கு அவன் நினைக்கக் கூடாது). அவனுக்காக நாலு பேரிடம் பேசியதில் எது எடுபட்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

விழிப்புணர்வு என்றதும் எல்லோரும் போஸ்டர், ரிப்பன், டீ-சட்டை, ஓட்டம் என்று கிளம்பிவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, செய்யுங்கள். ஆனால் என் கட்சி வேறு. நீங்கள் யாரிடம் பேசப் போகிறீர்களோ அவர் நாளையிலிருந்து எதை வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள், அதை மட்டும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்குக் குரோமோசோம் தேவையில்லை. “பிள்ளைக்கு எதுவும் கொடுக்கிறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட கேட்டுட்டுக் கொடுங்க” என்ற ஒரு வரி அவர் மனதில் நின்றால் போதும், மற்றதெல்லாம் அவரே கேட்பார்.

அதற்காக நீங்களும் அந்த ஒரு வரியோடு நின்றுவிடக் கூடாது. கேள்வி வரும். அதனால் பேச வெளியே போவதற்கு முன் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்.

சூரிக்கில் பிரேடர், லாப்ஹார்ட், வில்லி என்ற மூன்று மருத்துவர்கள் 1956இல் இதை விவரித்தார்கள் (நடுவில் இருந்தவர் பெயர் வழக்கில் உதிர்ந்துபோனது, பாவம்). 15ஆம் குரோமோசோமில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதிலுள்ள சில மரபணுக்கள் அப்பாவிடமிருந்து வந்த பிரதியில் மட்டும்தான் வேலை செய்யும், அம்மாவின் பிரதி எல்லோருக்குமே இயல்பாக மூடிக் கிடக்கும். அப்பா பக்கத்துப் பகுதி விடுபட்டுப் போனாலோ, இரண்டு பிரதியும் அம்மாவிடமிருந்தே வந்துவிட்டாலோ, அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. பிறந்ததும் குழந்தை துவண்டு கிடக்கும், அழுகைகூடச் சன்னமாக இருக்கும், பால் உறிஞ்சத் தெம்பிருக்காது, பல குழந்தைகளுக்குக் குழாய் வழியாக ஊட்ட வேண்டி வரும். “சாப்பிடவே மாட்டேங்குதே” என்று அழுத அதே வீட்டில் சில ஆண்டுகள் கழித்துக் கதை தலைகீழாகிவிடும். மூளையில் பசியைக் கட்டுப்படுத்துகிற ஹைப்போதாலமஸ் பகுதி சரியாக வேலை செய்யாததால், வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தியே பிள்ளைக்குப் போய்ச் சேராது. சாப்பிட்டு எழுந்த நிமிடமும் பசிதான்.

இதில் இன்னொரு கொடுமை, அவர்களுக்குத் தசை குறைவு, உடல் செலவழிக்கிற சக்தியும் குறைவு. ஒத்த வயதுப் பிள்ளைக்குத் தேவையான கலோரியில் ஏறக்குறைய 60 முதல் 80 விழுக்காடுதான் இவர்களுக்குத் தாங்கும். அதற்கு மேல் போனால் எடை ஏறும், பின்னாலேயே நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத் திணறல், இதயக் கோளாறு எல்லாம் வரிசையில் வரும். ஒரே சமயத்தில் அளவில்லாமல் சாப்பிட்டு இரைப்பை கிழிந்துபோகிற ஆபத்தும் உண்டு, ஒல்லியாக இருப்பவர்களுக்கும்கூட. எனவே இதைக் குண்டுப் பிள்ளைகளின் பிரச்சினை என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்படும் பிள்ளை பார்க்க ஒல்லியாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துத்தான் “இவ்வளவு மெலிஞ்சு கிடக்கான், ஒரு வடை கொடுத்தா என்ன” என்று ஆளாளுக்குக் கிளம்புவார்கள்.

சொந்தக்காரர்களில் தொடங்குங்கள்

உலகம் முழுக்க மே மாதத்தைத்தான் பிரேடர்-வில்லி விழிப்புணர்வுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், பிப்ரவரி கடைசி நாள் அரிய நோய்கள் தினம். சரி, இருக்கட்டும். நம் வீடுகளுக்கு உண்மையில் வேலை நடக்கிற நேரம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால்தான். தேக்கா கடைத்தெருவில் கூட்டம் நெரிய ஆரம்பித்ததும் நீங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டுவிட வேண்டும். முஸ்லிம் குடும்பம் என்றால் நோன்பு தொடங்குவதற்கு முன்னாடியே, ஏனென்றால் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி, அப்புறம் பெருநாளுக்கு வீடு வீடாகப் பலகாரம் என்று ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். நாங்கள் அனுப்புகிற செய்தி கிட்டத்தட்ட இப்படி இருக்கும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

“எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்கு வர்றோம். எங்க பையனுக்குப் பிரேடர்-வில்லின்னு ஒரு பிறவிக் குறைபாடு இருக்கு, வயிறு நிறைஞ்சது அவன் மூளைக்குத் தெரியாது. அதனால எங்ககிட்ட கேட்காம அவனுக்கு எதுவும் சாப்பிடக் கொடுக்காதீங்க, பாதி லட்டுன்னாலும். பலகாரத் தட்டை ஹால்ல வைக்காம அடுப்படிக்குள்ள வச்சா பெரிய உதவி. சாப்பாடு பன்னிரண்டரைக்குன்னா பன்னிரண்டரைக்கே போட்டுடுவோம். அவனுக்கு ஜிக்சா புதிர்னா உயிர், யார் வீட்டுல இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. அங்பாவ் (பண உறை) தாராளமா கொடுக்கலாம், எங்க கையில.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. தட்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளையால் வேறு எதிலும் மனம் வைக்க முடியாது, அது பிடிவாதம் இல்லை, அவனுக்கு உள்ளே நடப்பது அப்படி. நேரம் சொன்னால் அந்த நேரத்துக்கே போட வேண்டும், ஏனென்றால் சாப்பாடு எப்போது, என்ன, எவ்வளவு என்பதில் சந்தேகமே இல்லாமல் இருக்கிற நாளில்தான் அவன் நிம்மதியாக இருப்பான். கூடுதலாக ஏதாவது கிடைக்கும் என்ற நப்பாசை முளைத்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு. ‘கொடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் சொந்தக்காரர்களுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும், நம் ஆட்களுக்குப் பாசத்தைக் காட்டத் தெரிந்த ஒரே வழி சாப்பாடு, அதையும் பிடுங்கிவிட்டால் எப்படி? அதனால்தான் ஜிக்சா. இந்தக் குறைபாடு உள்ள பலர் அதில் கெட்டிக்காரர்கள், பெரியவர்கள் தோற்றுப்போவார்கள், வீடே சிரிக்கும்.

எவ்வளவு சொன்னாலும் ஒரு பெரியவர் இருப்பார். “பிள்ளை கேக்குது, மாட்டேன்னா சொல்றது, பாவம் இல்லையா?” வாதாடாதீர்கள். சபையில் வைத்து அவரிடம் மரபணு பற்றிப் பாடம் எடுத்தால் அவர் முகம்தான் சுருங்கும், விஷயம் உள்ளே போகாது. “நீங்க கொடுக்கிறதை எங்க கையில கொடுங்க பெரியப்பா, அவன் ராத்திரிச் சாப்பாட்டுக் கணக்குல சேத்துக்கிறோம்” என்று சொல்லுங்கள். அவர் கொடுத்த மாதிரியும் ஆச்சு, கணக்கும் கெடவில்லை. அப்புறம் அவரையே காவலுக்குப் போடுங்கள், “யாரும் அவனுக்கு எதுவும் கொடுக்காம நீங்கதான் பாத்துக்கணும்” என்று. பாட்டிமார்களிடம் இது பிரமாதமாக வேலை செய்கிறது. அதற்குப் பிறகு தட்டுப் பக்கம் ஒரு ஈயும் நெருங்க முடியாது.

யார் மேல் பழி என்ற பேச்சு வரும்போது

இதற்கு நீங்கள் தயாராக இருந்தே ஆக வேண்டும், எப்படியும் வரும். வயிற்றில் இருக்கும்போது கிரகணத்தில் வெளியே வந்தாள், பப்பாளி சாப்பிட்டாள், சொந்தத்தில் கட்டிக்கொண்டார்கள், இன்னும் என்னென்னவோ. ஒன்றுமே காரணம் இல்லை. பெரும்பாலான குடும்பங்களில் இது கருத்தரிக்கிற நேரத்தையொட்டித் தற்செயலாக நடக்கிற பிசகு, சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘அப்பாவின் பிரதி’ என்ற விளக்கத்தைச் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும், அரைகுறையாகக் கேட்டவர்கள் அப்பா குடும்பத்தில்தான் கோளாறு என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பகுதி அவருக்கு நன்றாகவே இருந்தது, பிள்ளைக்குப் போய்ச் சேரும்போதுதான் விடுபட்டது, இப்படிச் சொன்னால் போதும்.

பழிக்குப் பின்னால் மறைந்திருக்கிற கேள்வி இன்னொன்று: பிள்ளையின் அக்காவுக்கு வரன் பார்க்கும்போது இது தடையாகுமா? அடுத்த பிள்ளைக்கும் வருமா? பெரும்பாலான குடும்பங்களில் மறுபடி வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மிகச் சில வகைகளில் மட்டும் அது பாதிக்குப் பாதி வரை போகலாம், எந்த வகை என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைபாடு இருக்கிறதா என்பதையே டிஎன்ஏ மெத்திலேஷன் என்ற சோதனை 99 விழுக்காட்டுக்கு மேல் உறுதியாகச் சொல்லிவிடுகிறது. அதனால் “எங்களுக்கு மரபியல் ஆலோசகர் பார்த்துச் சொல்லிட்டாங்க” என்று ஒரே போடாகப் போட்டுவிடுங்கள். உங்கள் குடும்பத்தின் பரிசோதனை முடிவை ஊருக்கு விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

புளோக், காப்பிக்கடை, பள்ளி

அக்கம்பக்கத்தில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று அதே ‘கேட்டுட்டுக் கொடுங்க’. இரண்டாவது பூட்டு. பிரேடர்-வில்லி உள்ள பிள்ளை இருக்கிற பல வீடுகளில் குளிர்பெட்டிக்கும் அடுப்படிக்கும் பூட்டு இருக்கும். அடுப்படி பூட்டிக் கிடக்கிறது, உள்ளே பிள்ளை பசி பசி என்று கத்துகிறது என்றால் தாழ்வாரத்தில் போகிறவர் என்ன நினைப்பார்? பட்டினி போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார், போலிசைக்கூடக் கூப்பிடலாம், அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. அவர் நினைப்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்கு அவர் மொழியில் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள், விளையாட்டு மைதானத்தில் மற்ற பணிப்பெண்களிடம் பேசுகிறவர் அவர்தான், உங்கள் புளோக்கில் செய்தி பரவுவது அவர் வழியாகத்தான் வேகம்.

காப்பிக்கடைக்குப் பெயரட்டை அளவில் ஒரு அட்டை. தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் நான்கிலும் இரண்டிரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். கூட்டமான நேரத்தில் பரோட்டாக் கடை அங்கிளைப் பிடித்து விளக்கம் சொல்லாதீர்கள், பிற்பகல் மூன்று மணிபோல ஈயாடுகிற நேரத்தில் போய் ஒரு காப்பி ‘ஓ’ வாங்கிக்கொண்டு பிள்ளையையும் காட்டிச் சொன்னால் அவர் மறக்கவே மாட்டார். கீழ்த்தளத்தில் சுவரொட்டி ஒட்டுவதற்கும் மேசை போடுவதற்கும் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும், அதைக் கேட்காமல் ஒட்டினால் மறுநாள் துப்புரவு ஊழியர் கிழித்துவிட்டுப் போவார்.

பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம், ஆண்டின் முதல் வாரத்திலேயே. வகுப்பில் பிறந்தநாள் கேக் வருகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள், கேன்டீன் கடைக்காரர்களுக்கும் தெரியட்டும், மற்ற பிள்ளைகளின் சாப்பாட்டுப் பை கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, திட்டம் மாறினால் வெடித்து அழுவது, தோலைச் சுரண்டிப் புண்ணாக்கிக்கொள்வது இதெல்லாம் குறைபாட்டோடு வருவது என்று ஒரு பத்தி எழுதுங்கள். அதைவிட முக்கியம் அடுத்த பத்தி, நான் பார்த்த மாதிரிக் கடிதங்களில் பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான். இவர்களுக்கு வலி உணர்வு குறைவு, எலும்பு முறிந்திருந்தாலும் சாதாரணமாக நடந்து வரலாம். காய்ச்சல் இல்லாமலேயே உள்ளே தொற்று இருக்கலாம். எளிதில் வாந்தி எடுக்க மாட்டார்கள், அதனால் எடுத்தாலோ, வயிறு உப்பி வலிக்கிறது என்றாலோ, சாப்பாடு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினாலோ உடனே மருத்துவமனைதான். “சாப்பாடு வேண்டாம் என்றால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள், 995” என்று தடித்த எழுத்தில் போடுங்கள், ஆசிரியர் கண்ணில் அது கட்டாயம் நிற்கும். அதே தாளின் நகல் ஒன்று எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும், அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கிற இளம் மருத்துவர் இதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்தவராக இருக்கலாம்.

கோயிலும் பொது மேடையும்

அன்னதானம் போடுகிற இடத்தில் பேசுவதுதான் சிரமம், ஏனென்றால் அங்கே வேண்டாம் என்று சொல்வதே குற்றம் மாதிரி. நான் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லிப் போக மாட்டேன், யாரும் கேட்பதில்லை. பரிமாறுகிற தொண்டர்களை ஒருங்கிணைக்கிறவர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் கழுத்தில் துண்டோடு சாம்பார் வாளி பக்கத்தில் நிற்பார், அவரைப் பிடியுங்கள். “அம்மா அப்பா சரின்னு சொன்னாத்தான் ரெண்டாவது தடவை போடணும்” என்று அவர் தன் ஆட்களிடம் சொன்னால் முடிந்தது. இந்த வழக்கம் கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் உதவும், அதைச் சொல்லிக் கேட்டால் நிர்வாகக் குழு இன்னும் சுலபமாகத் தலையாட்டும். தைப்பூசத்தில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை இனிப்புத் தண்ணீரும் பானகமும் நீட்டிக்கொண்டே இருப்பார்கள், அங்கே எல்லோரிடமும் பேசி மாளாது, பிள்ளை கையில் சொந்தத் தண்ணீர் போத்தலைக் கொடுத்துவிடுவது மேல்.

தமிழ் முரசு நாளிதழ், ஒலி 96.8 வானொலி, வசந்தம் தொலைக்காட்சி இவற்றுக்கு எழுதுகிறீர்கள் என்றால் “அரிய நோய் பற்றி விழிப்புணர்வு” என்ற தலைப்போடு போகாதீர்கள், அப்படி நிறைய வரும். “தீபாவளிக்கு விருந்தாளிப் பிள்ளைக்குப் பலகாரம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்” என்று போனால் அந்த வாரத்துக்கே அவர்களுக்கு ஒரு செய்தி கிடைத்துவிடும். பேட்டி எடுக்கிறவர் கண்ணீரை எதிர்பார்த்து வரலாம், கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளையின் முகம், பள்ளிச் சீருடை, புளோக் எண் எதுவும் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் நம் சமூகம் சின்னது, வயதும் வட்டாரமும் சொன்னாலே யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். விவரம் புரிகிற வயதுப் பிள்ளையாக இருந்தால் அவனிடமே கேளுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

செய்தி பரவ ஆரம்பித்தால் ‘மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களாம்’ என்ற வாட்ஸ்அப் தகவலும் கூடவே வரும். முழுதாகக் குணமாக்குகிற மருந்து கிடையாது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுகிறது, உயரத்துக்கும் தசைக்கும் நல்லது, பசியை அது தீர்க்காது. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்து ஒப்புதல் அமைப்பான எஃப்டிஏ, இந்தக் குறைபாட்டின் அடங்காப் பசிக்கென்றே முதல் மருந்தாக டயஸாக்ஸைட் கோலின் என்ற மாத்திரைக்கு, 4 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக ஒப்புதல் தந்தது. நல்ல செய்திதான், ஆனால் அது வந்த பிறகும் பூட்டையும் நேரத்தையும் விட்டுவிடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தங்கள் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று கேட்கிற பெற்றோரை அவர்களுடைய மருத்துவரிடமே அனுப்புங்கள், நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

பணம் என்ற பேச்சு வந்தால் தனி கவனம். தெருவில் உண்டியல் ஏந்தவோ வீடு வீடாக வசூலிக்கவோ இங்கே உரிமம் வேண்டும், நல்ல நோக்கம் என்பதெல்லாம் செல்லாது. கொடுக்க விரும்புகிறவர்களை சிங்கப்பூர் அரிய நோய்கள் சங்கம் போன்ற பதிவுபெற்ற அமைப்புகளுக்கு அனுப்பிவிடுவது உத்தமம். 2019இல் தொடங்கிய அரிய நோய் நிதிக்கு ஒரு வெள்ளி (டாலர்) கொடுத்தால் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கிறது, ஆனால் அது பட்டியலில் உள்ள குறிப்பிட்ட சில நோய்களின் மருந்துச் செலவுக்கு. பணம் எதற்குப் போகிறது என்பதைக் கொடுக்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

அட்டையும் கடிதமும் ஆண்டுக்கு ஒரு முறை மாற வேண்டும். சின்னப் பிள்ளைக்கு எழுதியது பதின்ம வயதுக்குப் பொருந்தாது, தனியாக வெளியே போகிற பையனின் கையில் காசும் பஸ், ரயிலுக்கான ஈஸி-லிங்க் அட்டையும் இருக்கும், அந்த அட்டையைத் தட்டியே கடையில் ரொட்டி வாங்கலாம். எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கிற மாமாக் கடை என்கிற சின்னக் கடையில் இப்போது இருக்கிற அட்டையில் ‘கேட்டுட்டுக் கொடுங்க’ என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறோம்: “அவன் காசு கொடுத்தாலும் இந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுட்டுக் கொடுங்க, கடனா மட்டும் வேண்டவே வேண்டாம்.”